அத்தை இருந்த வீடு

கோலிக்குண்டு நகரவில்லை.

அத்தை குனிந்து பார்த்தாள். கூடத்தின் நடுவில், ஜன்னல் வெயிலின் விளிம்பில், பச்சைக் கண்ணாடிக் குண்டு வைத்த இடத்திலேயே நின்றது. எடுத்துச் சுவரோரம் வைத்தாள். நின்றது. சமையலறை வாசலில் வைத்தாள். அங்கேயும் நின்றது.

முப்பத்தோரு வருடங்களில் நூற்று எழுபத்திரண்டு வீடுகளில் இந்தக் குண்டை விட்டிருக்கிறாள். நல்ல கொத்தனார் போட்ட தரையில் அது யோசித்து ஓடும். மோசமான தரையில் கடன்காரனைக் கண்டதுபோல் ஓடும். ஓடாமல் இருந்ததில்லை.

அன்று பதினோராவது நாள். குளியலறையில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. கடைசிச் சொட்டுவரை சாக்கடை வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. கரண்டியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார்த்தாயிற்று. எதிலும் பொள்ளல் சத்தம் இல்லை. இரண்டு மழை பெய்து, கதவுகள் ஊறியும் நிலையில் உரசவில்லை. எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் நோட்டுப் புத்தகத்தின் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன மறைக்கிறே நீ?" என்றாள் சுவரிடம்.

கம்பெனியில் இருந்த எல்லோருக்கும், வீடு வாங்கியவர்களுக்கும்கூட, அவள் அத்தைதான். கம்பெனியைத் தொடங்கியவர் அவளுடைய அண்ணன். கொத்தனாராக இருந்து சொந்தமாக வேலை எடுத்தவர். வாடகைக்குப் பிடித்த கடையறையில் 'சகோதரர்கள் கட்டுமானம்' என்று பலகை மாட்டினார். அவருக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை.

"சகோதரர்கள்னு போட்டிருக்கியே, மத்தவன் எங்க?" என்று கேட்டவர்களிடம், "அண்ணன் தங்கச்சின்னு போட்டா எவன் என்னை நம்பி வீடு கட்டக் குடுப்பான்?" என்பார்.

முதல் வீடு ஒரு தையற்காரருக்கு. சாவி கொடுத்த மறு வாரமே தையற்காரர் கடையறைக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. குளிக்கிற தண்ணீர் வெளியே போகாமல் படுக்கையறைக்கு வருகிறது என்றார். அண்ணன் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். தையற்காரர் போகவில்லை.

"ஒரு சட்டைக்கே நான் போட்டுப் பாக்கச் சொல்லி, அளவு சரி பண்ணித்தான் குடுப்பேன். நீ வீட்டையே போட்டுப் பாக்காமக் குடுத்துட்டியேப்பா."

அண்ணனுக்கு அது தைத்துவிட்டது. அடுத்த வீடு முடிந்ததும் தங்கையைக் கூப்பிட்டார். அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. கணவன் கப்பல் வேலைக்குப் போனவன். ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகக் கடிதம் வந்தது. எதிலும் தேதி இல்லை. எல்லாம் ஒரே தாளில், ஒரே மையில் எழுதப்பட்டிருந்தன. மொத்தமாக எழுதி நண்பனிடம் கொடுத்துவிட்டு, மாதம் ஒன்றாகத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறான் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவனுக்கு வேறு ஊரில் வேறு குடும்பம் இருந்தது. சந்தேகப்பட வேண்டிய இரண்டு வருடமும் அவள் சந்தேகப்படவில்லை. பிறகு எதையும் விட்டுவைத்ததில்லை.

அண்ணன் சொன்னார்: "நாப்பது நாள் அந்த வீட்டுல இரு. சமை, துவை, குளி, கதவ அடிச்சுச் சாத்து. என்னென்ன கோளாறோ எழுதி வை."

அண்ணன் வீட்டில் அவளும் அண்ணியும் ஒரே அடுப்படியில் நிற்க முடியாமல் இருந்த நேரம் அது. வீட்டைச் சோதிக்க அனுப்புகிறாரா, தன்னை வெளியே அனுப்புகிறாரா என்று அவளுக்கு அன்றே ஐயம் இருந்தது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஆனாலும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

அந்த வீட்டில் இருபத்து மூன்று கோளாறு எழுதினாள். கோளாறு இருந்த இடத்திலெல்லாம் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டாள். நாற்பத்தோராம் நாள் வந்து பார்த்த கொத்தனார், "வீட்டுக்கு அம்மை போட்டிருக்கு டோய்" என்று கத்தினார். அன்றிலிருந்து கம்பெனியில் அதுதான் பேச்சு. 'இந்த வீட்டுக்கு எத்தன அம்மை?' 'எட்டுதான். பரவாயில்ல, பிழைச்சுக்கும்.'

அம்மை இறங்கி, எல்லா வட்டமும் அழிந்த பிறகுதான் சாவி கைமாறும். அதை அத்தைதான் தன் கையால் கொடுப்பாள். கொஞ்ச வருடத்தில் வீடு தேடி வருகிறவர்கள் சிமெண்ட்டைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் கேட்பதை விட்டுவிட்டார்கள். "அத்தை இருந்த வீடுதானே?" என்று மட்டும் கேட்டார்கள். வருடத்துக்கு ஐந்தாறு வீடு. ஒவ்வொன்றிலும் நாற்பது நாள். மிச்ச நாட்களில் அலுவலகத்துக்குப் பின்னால், பழைய வரைபடச் சுருள்களுக்கு நடுவே ஓர் அறை. இத்தனை வீட்டிலும் அவள் ஒரு ஆணி அடித்ததில்லை. பிறத்தியார் சுவர். பையை நாற்காலியில்தான் மாட்டுவாள்.

அண்ணன் போன பிறகு கம்பெனி அவருடைய இரண்டு மகன்களிடம் வந்தது. பெரியவன் பேச்சில் கெட்டிக்காரன். சின்னவன் கட்டட வேலையைப் படித்தவன், அதிகம் பேச மாட்டான். கடையறை போய்க் கண்ணாடி வைத்த அலுவலகம் வந்தது. தனி வீடுகள் குறைந்தன. நான்கு மாடியில் முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட கட்டடம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது முடிகிற சமயத்தில் அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்தார்கள். அவள் கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போட்டிருந்தது. அத்தை டம்ளரை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தாள்.

"முப்பத்திரண்டு வீடு அத்தை" என்றான் பெரியவன். "ஒவ்வொண்ணுலயும் நாப்பது நாள் நீங்க இருந்தா எவ்வளவு நாளாகும்னு தெரியுமா?"

"மூணரை வருஷம்."

"கணக்குப் போட்டுட்டீங்களா?"

"நீ போன் பண்ணி, வாங்க அத்தைன்னு இழுத்தப்பவே போட்டுட்டேன்."

பெரியவன் சிரித்தான். சின்னவன் சிரிக்கவில்லை.

"அதான், ஒரு வீட்டுல மட்டும் இருங்க. எல்லாம் ஒரே பிளான், ஒரே சாமான், ஒரே ஆளுங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"எந்தச் சோறு?"

"நூத்தி மூணு."

யோசிக்காமல் சொன்னான். முப்பத்திரண்டில் ஒன்றைச் சொல்ல யாரும் ஒரு நொடியாவது எடுப்பார்கள். அத்தை அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

"நாப்பது நாள் கழிச்சு நீங்க அங்கேருந்து காலி பண்ண வேண்டாம்" என்றான் பெரியவன். "அது உங்களுக்குத்தான்."

"எனக்கா? எதுக்கு?"

"எதுக்குன்னா என்ன அத்தை கேள்வி? அறுபத்தெட்டு வயசாச்சு. இன்னும் எத்தனை நாளு படுக்கையச் சுருட்டிக்கிட்டு அலைவீங்க?"

"இவ்வளவு நாளு அலையறப்ப தெரியலையா?"

"இப்பத் தெரிஞ்சுதுன்னு வச்சுக்குங்களேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் 'உங்களுக்குத்தான்' என்ற சொல் அதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து திரும்புகிற வழியில் சாமான் கடையில் ஒரு ஆணி கேட்டாள். கடைக்காரர் ஒரு ஆணியெல்லாம் விற்பதில்லை என்றார். பையைக் காட்டி, "இது ஒண்ணுதான் மாட்டணும்" என்றாள். அவர் சும்மாவே கொடுத்துவிட்டார்.

அந்த ஆணி இப்போது நூற்று மூன்றாம் எண் வீட்டின் ஜன்னல் விளிம்பில் இருந்தது. பதினோரு நாளாக அதை எடுத்து, கதவுக்குப் பக்கத்தில் சுவரில் வைத்துப் பார்ப்பாள். திரும்ப வைத்துவிடுவாள். கோளாறு ஒன்று அகப்பட்டால் அதைச் சரி செய்யச் சொல்லிவிட்டு நிம்மதியாக அடிக்கலாம். கோளாறே இல்லாத வீட்டில் எதை நம்பி ஆணி அடிப்பது?

குண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது தலைக்கு மேல் சத்தம் கேட்டது.

டொக், டொக், டொக், பொள்.

அத்தை அசையாமல் நின்றாள். மறுபடி கேட்டது. டொக், பொள், பொள். மற்றவர்களுக்கு அது யாரோ எதையோ தட்டுகிற சத்தம். அவளுக்கு அது, அடியில் கலவை பிடிக்காமல் காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிற டைல்ஸ். தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் இருக்கும்.

நேர் மேலே இருநூற்று மூன்று. கரண்டி, குண்டு, சாக்பீஸ், வாளி நான்கையும் எடுத்துக்கொண்டு படியேறினாள்.

கதவு திறந்திருந்தது. கூடத்தின் மூலையில் ரசமட்டம் குந்தியிருந்தார். பூச்சு வேலையும் தரை வேலையும் செய்கிற கொத்தனார். பிறவியிலேயே ஒரு தோள் தாழ்ந்தவர், அதனால் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரே அவருக்கு. அண்ணன் காலத்து ஆள். இரண்டு டைல்ஸைப் பெயர்த்து வைத்திருந்தார். அத்தையைக் கண்டதும் பெயர்த்ததை மறைப்பதுபோல் எழுந்து நின்றார்.

"வாங்க அத்தை. ஒண்ணுமில்ல, ரெண்டு டைல்ஸ் கொஞ்சம் பேசுது."

"பேசுதா? கத்துது. கீழ வரைக்கும் கேக்குது."

குண்டைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். அது ஒரு கணம் தயங்கியது. பிறகு சமையலறையைத் தாண்டி, நடைவழியில் திரும்பி, குளியலறைப் படியில் போய் முட்டி நின்றது.

"நம்மளவிட அதுக்கு வழி நல்லாத் தெரியுது" என்றார் ரசமட்டம். அத்தை சிரிக்கவில்லை.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் சாக்கடை வாயை எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று எதிர் மூலையில் போய்த் தேங்கியது. சாக்பீஸை எடுத்தாள். கால் மணி நேரத்தில் பதினேழு வட்டம் போட்டாள். ரசமட்டம் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தரை யாரு போட்டது?"

"நான்தான்."

"கீழ என் வீட்டுத் தரை?"

"அதுவும் நான்தான்."

"ஒரே கைதானே?"

"ஒரே கைதான் அத்தை."

"அப்புறம் என்ன வந்துச்சு அந்தக் கைக்கு?"

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். காய்ந்த சிமெண்ட் ரேகைகளில் வெள்ளையாக ஓடியிருந்தது.

"கீழ நிலையில உங்க பேரு எழுதியிருந்துச்சு. பேரைப் பாத்ததும் கை தானா நிதானமாயிடுது. மேல பேரில்ல. சீக்கிரம் சீக்கிரம்னாங்க. முடிச்சுக் குடுத்துட்டோம்."

"பேரா?"

"கதவு நிலையில, உள்பக்கம். நீங்க பாக்கலையா?"

பார்த்திருந்தாள். முதல் நாளே, வார்னிஷுக்கு அடியில் ஏதோ பென்சில் கிறுக்கல். தச்சர் போட்ட அளவுக் குறி என்று விட்டுவிட்டாள். எதையும் விடாதவள் அதை விட்டிருந்தாள்.

"யாரு எழுதினது?"

"மேஸ்திரி."

"பெரியவன் எழுதச் சொன்னானா?"

"அது எனக்குத் தெரியாது. பழைய பழக்கம் தானே அத்தை. உங்க அண்ணன் காலத்துல எல்லா வீட்டுலயும் எழுதுவோம். அவரு அஸ்திவாரக் கல்லுலயே கரியால 'தங்கச்சி'ன்னு எழுதிட்டுத்தான் முதல் கலவை போடச் சொல்வாரு. நாங்க அப்புறம் 'அத்தை'ன்னு மாத்திக்கிட்டோம்."

அத்தைக்கு இது தெரியாது. முப்பத்தோரு வருடம் வாளியும் கரண்டியுமாகத் திரிந்ததில் ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. கவிழ்த்துக் கிடந்த சிமெண்ட் தொட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்போ நான் இத்தனை வருஷம் என்னத்தைக் கண்டுபிடிச்சேன்?"

"நீங்க கண்டுபிடிச்சது கொஞ்சந்தான்" என்றார் ரசமட்டம். அதில் கிண்டல் இல்லை. "நீங்க வந்து தட்டிப் பாப்பீங்கன்னு பயந்து நாங்களே சரி பண்ணினதுதான் ஜாஸ்தி. அப்போ எல்லா வீட்டுலயும் பேரு இருந்துச்சு. இப்போ ஒண்ணுல மட்டும் இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்று மத்தியானமே அத்தை அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு பேரும் இருந்தார்கள். மேசையில் கட்டுக்கட்டாகப் புதிய நோட்டீஸ். எல்லாவற்றிலும் அவள் படம். அவளுக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே 'அத்தை இருந்து பார்த்த வீடுகள்'.

"வீடுகள்னு போட்டிருக்கே" என்றாள்.

"உக்காருங்க அத்தை. டீ சொல்லட்டுமா?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னியே. அந்த ஒரு சோத்தை மட்டும் தனியா வேக வச்சிருக்கியேடா."

பெரியவனின் முகம் மாறவில்லை. அவள் அவனுடைய காதைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொன்னால் இடது காதைப் பிடித்துக்கொள்வான். இப்போது அவன் கைகள் இரண்டும் மேசை மேல் இருந்தன.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. மேஸ்திரி எழுதியிருப்பாரு. நான் சொல்லல."

கை காதுக்குப் போகவில்லை. நிஜம்தானோ என்று ஒரு பக்கம் தோன்றியது. பழகிவிட்டானோ என்று இன்னொரு பக்கம் தோன்றியது. சின்னவனைப் பார்த்தாள். அவன் நோட்டீஸ் கட்டின் ஓரங்களைத் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தான்.

"நீ படிச்சவன்தானே. இருநூத்தி மூணு குளியலறையில தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றான் சின்னவன்.

"டேய்" என்றான் பெரியவன்.

"கேக்குறாங்க, சொல்றேன். மூணாவது மாடி இன்னும் மோசம்."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டார்கள்.

"சாவி குடுக்க முப்பது நாள்கூட இல்ல" என்றான் பெரியவன். குரலில் இருந்த தேன் வற்றியிருந்தது. "எல்லாருக்கும் தேதி சொல்லியாச்சு. வாடகை வீட்டக் காலி பண்றதாச் சொல்லிட்டாங்க பாதிப் பேரு. குடி வந்தப்புறம் சின்னச் சின்னதா சரி பண்ணிக் குடுத்துக்கலாம். ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நீங்க சாவிய எடுத்துக் கையில குடுத்தாப் போதும். வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

"இருந்தீங்களான்னு கேப்பாங்களே?"

"இருந்தேன்னு சொல்லுங்க. கட்டடத்துலதானே இருந்தீங்க? பொய்யில்லையே?"

அத்தை மேல் நோட்டீஸை எடுத்துப் படம் தெரியாமல் குப்புறத் திருப்பி வைத்தாள்.

"அத்தை, நான் நேராவே கேக்குறேன். உங்களுக்கு வீடு வேணுமா, வேண்டாமா?"

"அண்ணே, விடு" என்றான் சின்னவன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அத்தை எழுந்து வந்துவிட்டாள்.

வீடு வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வெயில் கூடத்தில் பாதிவரை வந்திருந்தது. நல்ல வீடு. காற்று வருகிறது. சுவரில் கையை ஓட்டினால் எங்கும் தடுக்கவில்லை. ரசமட்டத்தின் கை நிதானமாக இருந்த வீடு. ஜன்னல் விளிம்பிலிருந்த ஆணியை எடுத்துக் கதவுப் பக்கத்துச் சுவரில் வைத்தாள். அப்படியே நிலையைப் பார்த்தாள். வார்னிஷுக்கு அடியில் தெளிவாகவே இருந்தது. 'அத்தை.' இத்தனை நாள் அதன் மேல்தான் கையை வைத்துக் கதவைத் திறந்திருக்கிறாள்.

ஆணியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

தச்சரிடம் உப்புத்தாள் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தாள். நிலையில் எழுதியிருந்ததைத் தேய்த்தாள். வார்னிஷ் போய், பென்சில் போய், மரத்தின் வெள்ளை தெரியும்வரை தேய்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கதவின் உள்பக்கம், நிலையில், கண்ணுக்கு நேராக 'அத்தை' என்று எழுதினாள். அடுத்த வீடு. அதற்கடுத்தது. ஒரு மாடி முடிந்ததும் படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். மேல் மாடிக்குப் போகும்போது ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முப்பத்தோராவது பெயரை எழுதியபோது விரல் நீளம்கூடச் சாக்பீஸ் மிஞ்சவில்லை.

அதற்குள் மேஸ்திரி போன் செய்திருந்தார். அவள் கீழே இறங்கி வந்தபோது பெரியவன் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தான்.

"என்ன அத்தை இது?"

"இதுல ஏதோ ஒரு வீட்டுல நான் இருக்கப் போறேன்."

"எதுல?"

"சொல்ல மாட்டேன்."

"எத்தனை நாளு?"

"அதையும் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுல ரெண்டு நாள் இருப்பேன், ஒரு வீட்டுல பத்து நாள் இருப்பேன். காலையில வந்து பாத்தாத்தான் தெரியும், எந்த வீட்டுல வாளி இருக்குன்னு."

"சாவி குடுக்கிற தேதி?"

"தள்ளிப் போடு. இல்லேன்னா எம் படத்த எடுத்துட்டு உம் படத்தப் போட்டு நீயே குடு."

அவன் வெகுநேரம் அவளைப் பார்த்தான்.

"அப்போ நூத்தி மூணு?"

அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். வைத்தபின் விரல்களை மடக்கி மூடிவிட்டாள், வீடு வாங்குகிறவர்களுக்குச் செய்வதுபோலவே. அவளுக்கே அது பிறகுதான் உறைத்தது.

"வித்துடுவேன் அத்தை" என்றான்.

"வித்துக்கோ. நல்ல வீடு. அதைச் சொல்லியே குடு."

அன்றே அவளுடைய படுக்கையும் அடுப்பும் கீழ்த்தளத்தில் சிமெண்ட் மூட்டை வைக்கிற அறைக்குப் போயின. அங்கிருந்து மேலே, பிறகு வேறு மாடிக்கு. மறுநாள் காலையிலிருந்து கட்டடம் முழுவதும் டைல்ஸ் உடைகிற சத்தம். பெரியவன் உடைக்கச் சொல்லவில்லை, உடைக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சின்னவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினான். ரசமட்டம் ஒரு நாள் மெதுவாக வந்து கேட்டார்.

"அத்தை, எனக்கு மட்டும் சொல்லுங்க. அடுத்து எந்த வீடு? முந்நூத்தி ஏழா?"

"எதுக்குக் கேக்குறே? முந்நூத்தி ஏழுல என்ன பண்ணி வச்சிருக்கே?"

"ஐயோ, ஒண்ணும் பண்ணல."

"அப்போ முந்நூத்தி ஏழுதான்."

அவர் தாழ்ந்த தோளை இன்னும் தாழ்த்திக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடினார்.

வீடு வாங்கியவர்கள் தேதி தள்ளிப்போனதற்குச் சண்டை போட வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் கதவு நிலையில் சிவப்பாக எழுதியிருந்த பெயரைப் பார்த்தார்கள். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, "எங்க வீட்டுக்கு எப்போ வரீங்க அத்தை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மைத்துனர் வீட்டில் சாமான்களோடு குடியிருந்த ஒருவர் மட்டும் சமாதானமாகவில்லை. "நீங்க சந்தேகப்படறதுக்கு நாங்க தெருவுல நிக்கணுமா?" என்றார். அத்தை அவருடைய வீட்டு எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவருடைய வீட்டில்தான் முதலில் போய்ப் படுத்தாள். அம்மை முதலில் இறங்கியதும் அந்த வீட்டுக்குத்தான்.

நான்கு மாதம் கழித்து முப்பத்தோரு சாவிகளையும் அவளே கொடுத்தாள். இருந்தீர்களா என்று கேட்டவர்களுக்கு, எத்தனை நாள் இருந்தாள், என்ன கோளாறு, எது இன்னும் முழுதாகச் சரியாகவில்லை என்று நோட்டைப் பார்த்துச் சொன்னாள். கடைசிச் சாவி போன பிறகு, சிமெண்ட் அறையில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பெரியவன் வந்தான். உட்கார இடமில்லாமல் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

"எங்க போறீங்க?"

"ஆபீஸ் பின்னால. வேற எங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து விரலில் சுற்றினான். அதன் வளையத்தில் நூற்று மூன்று என்ற தகடு ஆடியது.

அத்தை கண்ணைச் சுருக்கினாள். "இன்னும் விக்கலையா?"

"விக்கல."

"ஏன் விக்கல? என்ன கோளாறு அதுல?"

பெரியவனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "கோளாறா? கட்டடத்துலயே நல்ல வீடு அதுதான். பதினோரு பேரு வந்து பாத்தாங்க. எல்லாருக்கும் பிடிச்சுது. அப்புறம் யாராவது சொல்லிடறாங்க, அத்தையே இருந்து பாத்துட்டு வேண்டாம்னு திருப்பிக் குடுத்த வீடுன்னு. அவ்வளவுதான். வந்த வழியே போயிடறாங்க."

அத்தை அவனுடைய காதைப் பார்த்தாள். கை சாவியில் இருந்தது.

"நிஜமாவே பதினோரு பேரு வந்தாங்களா? இல்ல, நீ விக்காம வச்சிருந்தியா?"

"எது சொன்னா நம்புவீங்க?"

"எதுவும் நம்ப மாட்டேன்."

"அப்போ எதுக்குக் கேக்குறீங்க? இந்தாங்க."

அத்தை சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. படுக்கையைக் கயிற்றால் கட்டி முடித்தாள். வாளியிலிருந்து அவனை எழுப்பி, அதற்குள் கரண்டியையும் நோட்டையும் போட்டாள். பையைத் தடவிப் பார்த்தாள். காகிதத்தில் சுற்றியது உள்ளே இருந்தது.

"நாப்பது நாள்ல அன்னைக்குப் பதினோரு நாள்தான் ஆச்சு" என்றாள். "மீதி இருபத்தொம்பது நாள் பாக்கி இருக்கு. இருந்து பாத்துட்டுச் சொல்றேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன? கோளாறு இல்லாத வீடு கிடையாது. கண்டுபிடிக்க நாளாகும்." சாவியை அவன் விரலிலிருந்து கழற்றிக்கொண்டாள். "போறப்போ மேஸ்திரிகிட்ட ஒரு சுத்தியல் குடுத்தனுப்பச் சொல்லு."

"சுத்தியலா? எதுக்கு?"

அத்தை வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தாள்.